பற்றரியின்மீது மட்டும் பழி போடலாமா?

மோட்டார் வண்டியொன்று காலையிற் புறப்பட மறுத்தால், சாவியைத் திருப்பியவரும் அயலில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் ஒருமுகமாகக் கூறுவது, "பற்றரி போய்விட்டது" என்பதேயாகும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டிய வேளை. வீட்டுக்காரர் அலுவலகம் போகவேண்டிய வேளை. ஆராய்ந்து பார்க்க எவருக்கும் பொறுமை இராது. கடைக்காரரும் விற்க மறுக்கப் போவதில்லை. புதிய பற்றரி வந்து சேரும். வண்டியும் உறுமிக்கொண்டு புறப்படும். சில மாதங்கள் கழிந்தபின் அதே வண்டி அதே இடத்தில் அதேபோல நின்றுவிடும். அப்பொழுது பழி, பற்றரி செய்தவன் தலையில் விழும்.

சென்ற கிழமைகளில் வீட்டு மின்சாரத்தைப் பற்றி நாம் எழுதியவற்றை வாசித்த மாணவர் சிலர், வண்டிகளின் மின்சாரத்தைப் பற்றியும் எழுதுமாறு கேட்டிருந்தனர். வாகன இறக்குமதி 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்த நாடு இது. பழைய வண்டிகளையே பேணிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கு மிகப் பல. ஆகவே அம்மாணவரின் வேண்டுகோள் அவர்தம் பெற்றோருக்கும் உரியதே என்று கருதுகின்றோம்.

முதலில் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். மின்சாரம் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வரவேண்டும். பற்றரியின் ஒரு முனையிலிருந்து புறப்பட்ட மின்னோட்டம் விளக்கையோ ஹோர்னையோ அடைந்து, மற்ற முனைக்கு மீண்டும் வந்து சேர்ந்தாலன்றி அங்கு வேலை எதுவும் நடவாது. வீட்டிலே போவதற்கு ஒரு வயரும் வருவதற்கு ஒரு வயரும் உண்டு. காரிலும் லொறியிலும் பெரும்பாலும் போகும் வயர் மட்டுமே தனியாக இருக்கும்; திரும்பும் வழி வண்டியின் இரும்புடலே. வயர்ச் செலவைக் குறைக்கக் கண்ட இந்த வழியைத்தான் நம்மவர் 'ஏர்த்' என்று சொல்லுகின்றனர். மண்ணுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. முன்னாளில் இலங்கைத் தெருக்களில் நிறைந்திருந்த மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள் நேர்முனையை உடலோடு இணைத்தன. இக்காலத்து வண்டிகள் மறைமுனையை இணைக்கின்றன. எம்முனையாயினும் திரும்பும் வழி ஒன்றே. அவ்வழியில் துருவும் சேறும் பெயின்றும் வந்து குறுக்கிடுகின்றன. போகும் வயரைத் தேடித் தேடிப் பார்க்கும் கண்கள், திரும்பும் வழியைப் பார்ப்பது அரிது.

எமது ஊரிலே லொறி வைத்திருக்கும் ஒருவர், வாழைக்குலையும் வெங்காயமும் ஏற்றித் தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வருபவர். லொறிகளிற் பலவற்றுக்கு 12 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ற்று எடுப்பது வழக்கம். ஆகவே பற்றரி மாற்றுவது என்றால் ஒன்றன்று, இரண்டு வாங்கவேண்டும். அவர் ஒரே ஆண்டிற்குள் இரண்டு முறை மாற்றினார். மூன்றாம் முறை, இரவு நேரத்தில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடுவதற்கென நிறுத்திய லொறி திரும்பப் புறப்படவில்லை. விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஹோர்ன் ஊரை எழுப்பியது. சாவியைத் திருப்பினால் மட்டும் 'டக்' என்ற ஒரே ஓசை. விடிந்து வேறொரு வண்டி வந்து இழுத்துச் செல்லும்வரை லொறி அங்கேயே நின்றது. சந்தை தவறிற்று; பழுத்த குலைகள் கறுத்துப் போயின. "ஆறு மாதத்துக்கு முன்னம் வாங்கின பற்றரி, மாஸ்டர்! ஏமாத்திப் போட்டாங்கள்" என்று அவர் எம்மிடம் நொந்துகொண்டார்.

விளக்கு எரிகின்றது, ஹோர்ன் ஒலிக்கின்றது, ஸ்டார்ட்டர் மட்டும் சுழலவில்லை என்றால் அதன் பொருள் யாது? மாணவர்கள் ஓமின் விதியை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். கணக்கு எளிதாகும்பொருட்டு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் தலைவிளக்கு ஒன்று 60 வாற்று. 12 வோல்ற்றில் அஃது இழுப்பது 5 அம்பியர். ஸ்டார்ட்டர் மோட்டாரோ 150 அம்பியர் அளவில் இழுக்கும். இப்பொழுது பாதையில் எங்கேயோ ஒரு மூட்டில் துருவினால் 0.02 ஓம், அதாவது ஓமின் ஐம்பதில் ஒரு பங்கு தடை ஏற்பட்டுள்ளது என்க. 5 அம்பியரை 0.02 ஆற் பெருக்கினால் விளக்கு இழப்பது 0.1 வோல்ற்று மட்டுமே. அதைக் கண்ணால் அறியவே முடியாது. ஆனால் 150 அம்பியரை அதே 0.02 ஆற் பெருக்கினால் இழப்பு 3 வோல்ற்று. ஸ்டார்ட்டர் இழுக்கும்பொழுது பற்றரியின் வோல்ற்றளவு தானாகவே சிறிது இறங்கும்; அதன்மேல் இந்த மூன்றும் கழிந்தால் எஞ்சுவதைக் கொண்டு எஞ்சினைப் புரட்டுவது எங்ஙனம்? வோல்ற்றளவு குறைந்தால் ஓட்டமும் ஓரளவு குறையும் என்று நுண்ணிதாகக் கணக்கிடும் மாணவர் சொல்லக்கூடும், அது சரியே. ஆயினும் கருத்து மாறாது. விளக்குக்கு ஒரு பொருட்டாகாத சிறு தடை, ஸ்டார்ட்டருக்கு மதிற்சுவர் ஆகிவிடும். புதிய பற்றரியின் மிகுபலம் அம்மதிலைச் சில காலம் தாண்டிச் செல்லும். பற்றரி சற்றுத் தளர்ந்ததும் மதில் வென்றுவிடும். அந்த லொறிக்காரர் இரு முறை வாங்கியது அந்தச் 'சில காலத்தையே'.

லொறியின் நோயைக் கண்டறிந்தவர் வாகன வயரிங் வேலையிற் பழகிய முதியவர் ஒருவர். அவர் கருவி எதனையும் எடுக்கவில்லை. தடித்த வயர் ஒன்றை எடுத்து, பற்றரியின் மறைமுனையையும் எஞ்சினின் வெற்றிரும்பையும் நேராக இணைத்துவிட்டு, "இப்ப திருப்பு தம்பி" என்றார். எஞ்சின் ஒரே பாய்ச்சலிற் புறப்பட்டது. எஞ்சின், வண்டிச் சட்டத்தின்மீது இறப்பர்த் தாங்கிகளில் அமர்ந்திருப்பது. இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையே பின்னல் வயர்ப்பட்டை ஒன்றைப் பூட்டியிருப்பார்கள். அந்தப் பட்டை அறுந்து, இரண்டொரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டார்ட்டரின் ஓட்டம் திரும்பிவர வழியின்றி, அகப்பட்ட வழியிலெல்லாம் வந்திருக்கின்றது. சாரதி பின்னர் சொன்னான்: சில நாட்களாக அக்சிலேட்டர்க் கம்பி காரணமின்றிச் சுடுவதைத் தான் கண்டதாக. கம்பி சுட்டதே அதனூடாக ஓட்டம் திரும்பியதற்குச் சாட்சி. அதைச் சாரதி ஒருவரிடமும் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை.

பல்மானி ஒன்று வைத்திருப்போர் இதனை இன்னும் செம்மையாகச் சோதிக்கலாம். அதன் ஒரு முனையைப் பற்றரியின் மறைமுனைத் தண்டிலும், மற்றதை எஞ்சினின் வெற்றிரும்பிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். காரில் அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் குற்றம் திரும்பும் வழியில் உண்டு. அவ்வாறே நேர்முனைத் தண்டுக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த முனைக்கும் இடையே பார்த்தால் போகும் வழியின் குற்றம் வெளியாகும். பல்மானி இல்லாதார்க்கும் ஒரு வழி உண்டு. தலைவிளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பற்றரி தளர்ந்திருக்கலாம், அல்லது அதன் முனைகளிற் பிடிப்பில்லை. விளக்கு மங்காமல் எரிய, ஸ்டார்ட்டர் மட்டும் சும்மா இருந்தால் பற்றரியை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரின் பக்கமும் அதன் ஏர்த்தின் பக்கமும் பாருங்கள்.

பற்றரி முனைகளிற் பூக்கும் வெள்ளையும் பச்சையுமான பூஞ்சணத்தை எல்லாரும் கண்டிருப்பர். அடுக்களையிலுள்ள அப்பச்சோடாவை நீரிற் கரைத்து ஊற்றினால் அது நுரைத்துக் கழலும். அமிலத்தைக் காரம் தணிக்கும் கதை இது. வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இதனை வீட்டு முற்றத்திலேயே காணலாம். கரைசல் பற்றரியின் உள்ளே போகாதபடி மூடிகளை இறுக்கிக்கொள்ளல் வேண்டும். பின்னர் முனையையும் பிடியையும் அரத்தாளால் ஈயம் மினுங்கும்வரை தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே வாசலின் பூசிவிடுக. கழற்றும்பொழுது மறைமுனையை முதலிலும், பூட்டும்பொழுது அதனைக் கடைசியிலும் என்பது முறை. மாறிச் செய்தால், நேர்முனையிலுள்ள ஸ்பனர் வண்டியுடலில் முட்டியவுடன் பொறி பறக்கும்.

ஏர்த்தின் குற்றம் பணத்தோடு மட்டும் போவதில்லை. லொறிகளின் பின்விளக்கு எம்மை மிகுந்த கவலைக்குள்ளாக்கும் ஒன்று. சேறும் மழையும் நேரே படும் இடம் அது. பின்விளக்கின் மின்குமிழில் பெரும்பாலும் இரண்டு இழைகள் உண்டு: இரவு விளக்குக்கு 5 வாற்று இழை, பிரேக் விளக்குக்கு 21 வாற்று இழை. இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றே. அந்த வழி துருவினால் அடைபட்டால், ஒரு இழையினூடே வந்த ஓட்டம் மற்ற இழையினூடே பின்னோக்கிச் சென்று, வேறு விளக்குகளின் வழியாகத் திரும்ப முயலும். அப்பொழுது நிகழ்பவை பேய்க்கூத்துப் போலத் தோன்றும். பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கு மினுங்கும். சிக்னல் போட்டால் பின்விளக்கு துடிக்கும். எல்லாம் எரியும், ஆனால் ஒன்றும் சரியாக எரியாது. சாரதி மின்குமிழை மாற்றுவார், மாற்றிப் பயனில்லை. விளக்குப் பெட்டியின் திருகாணியைக் கழற்றி, அது பதியும் இரும்பைச் சுரண்டிப் பூட்டினால் பேய் ஓடிவிடும்.

இதனைச் செய்யாது, "நாளைக்குப் பார்ப்போம்" என்று ஓட்டிச்செல்லும் லொறி, யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே இருண்ட காட்டுத் தெருவில் நின்றுவிட்டால், பின்னால் வரும் வண்டிக்கு அது கண்ணுக்குத் தெரியாத சுவர். மரக்கிளையை முறித்துத் தெருவில் போட்டுவைப்பது நம்மவர் வழக்கம். அக்கிளையும் இருளில் இருளாகவே கிடக்கும். ஒளி திருப்பும் சிவப்பு முக்கோணம் ஒன்றை வண்டியில் வைத்திருப்பது பெருஞ் செலவன்று. புறப்படுமுன் ஒருவரைப் பின்னால் நிறுத்தி, பிரேக், சிக்னல், பின்விளக்கு மூன்றையும் தனித்தனியாகவும் ஒன்றாகவும் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஒன்றாகப் போடும்பொழுதே ஏர்த்தின் கள்ளத்தனம் வெளிப்படும்.

முன்விளக்குக்கு வருவோம். இழைவிளக்கின் ஒளி, வோல்ற்றளவு குறையும் விகிதத்தினும் மிகுதியாகக் குறையும். வோல்ற்றளவில் பத்தில் ஒன்று குறைந்தால் ஒளியில் ஏறக்குறைய பத்தில் மூன்று போய்விடும். இதனை அறியாதார் ஒளி போதவில்லை என்று 100 வாற்று மின்குமிழ்களை வாங்கி மாட்டுகின்றனர். இது நோய்க்கு மருந்தன்று, வேறொரு நோய். 55 வாற்று விளக்குகள் இரண்டும் சேர்ந்து இழுப்பது 9 அம்பியருக்குச் சற்று மேல். 100 வாற்று விளக்குகள் இரண்டும் இழுப்பது 17 அம்பியர் அளவு. வயரில் எழும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுமாதலால், அதே வயர் முன்னிலும் மூன்று மடங்குக்கு மேல் சூடேறும். சுவிச்சு உருகும், வயரின் உறை கருகும். முதலில் விளக்கின் முனையில் வோல்ற்றளவை அளந்து, அது குறைவாயின் பாதையைத் திருத்துவதே முறை. கூடுதல் விளக்கு வேண்டுமென்பார், தடித்த வயரும் ரிலேயும் தனி உருகியும் வைத்துப் பூட்டுக.

உருகி என்று நாம் சொல்வதே பியூஸ். மொறிஸ் மைனரில் உருகிகள் இரண்டே இரண்டு. தலைவிளக்குக்கு உருகியே கிடையாது. இக்காலத்துக் காரில் அவை பல பத்து. சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என நிறத்தினால் வேறுபடுத்தியுள்ளனர். எரிந்துபோன சிவப்புக்குப் பதிலாகப் பச்சையைச் செருகுவதும், சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவதும் நாம் அன்றாடம் காணும் காட்சிகள். உருகி எரிந்தது ஏன் என்று கேளாமல் அதனை எரியாததாக ஆக்கிவிட்டால், அடுத்து எரிவது வயர், அதற்கடுத்து வண்டி.

பற்றரி குற்றமற்றது என்று நாம் வாதாட வரவில்லை. அதுவும் ஒரு நாள் சாகும். பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே 1859 இல் ஈயத்தகடுகளையும் ஐதான சல்பூரிக்கமிலத்தையும் கொண்டு அமைத்த கலமே இன்றும் நமது காரில் இருப்பது. தகடுகள் திருந்தியுள்ளன, தத்துவம் மாறவில்லை. கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ற்றாக ஆறு கலங்கள். ஓய்வாக இருக்கும் பற்றரி 12.6 வோல்ற்று காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. 12 க்குக் கீழே போனால் வெறுமையை அணுகுகின்றது. எஞ்சின் ஓடும்பொழுது 13.8 க்கும் 14.5 க்கும் இடையே இருத்தல் வேண்டும். ஓடும்பொழுதும் 12.5 இலேயே நின்றால் ஓல்ட்டனேட்டர் ஊட்டவில்லை. முதலில் அதன் பட்டி தளர்ந்துள்ளதா என்று பார்க்க. 15 க்கு மேல் ஏறினால் அளவுக்கு மிஞ்சி ஊட்டுகின்றது. பற்றரி நீர் கொதித்து வற்றிவிடும். இன்னொன்று: சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் புறப்படுமுன் சிவப்புப் பற்றரி விளக்கு எரியவேண்டும். அது எரியவில்லையே என்று மகிழற்க. பல வண்டிகளில் அவ்விளக்கினூடே செல்லும் சிற்றோட்டமே ஓல்ட்டனேட்டரைத் தட்டியெழுப்புவது.

மூடியுள்ள பற்றரிகளுக்குக் காய்ச்சி வடித்த நீரே ஊற்றவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடே ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அது பற்றரித் தகட்டுக்கும் நன்மை செய்யாது.

ஓடாது நிற்கும் வண்டியின் பற்றரியும் தேயும் என்பதை 2020 ஊரடங்கு நாட்களும், 2022 எரிபொருள் தட்டுப்பாடும் பல வீடுகளுக்குக் கற்பித்தன. மணிக்கூடு, களவு எச்சரிக்கை, கணினி நினைவு இவையெல்லாம் வண்டி உறங்கும்பொழுதும் சிறிது பருகிக்கொண்டிருக்கும். அது 30 மில்லியம்பியர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 0.72 அம்பியர்மணி. 45 அம்பியர்மணிப் பற்றரி ஒரு மாதத்திற் பாதியாகி, இரண்டு மாதத்தில் ஒழிந்துவிடும். பெட்டி மூடி சரியாகப் பூட்டாமல் 5 வாற்று விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தால் ஐந்து நாட்களுக்குள்ளேயே அக்கதி. வெறுமையாகக் கிடக்கும் தகட்டில் ஈயசல்பேற்று கடினமாகிப் படிந்துவிடும். பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் பழைய பலம் வாராது. நெடுநாள் நிறுத்துவோர் மறைமுனையைக் கழற்றிவைத்தாற் போதும்.

பழைய கராஜ் பழக்கம் ஒன்றை இங்கு கண்டிக்க வேண்டியுள்ளது. எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரியைக் கழற்றி, "நிற்காமல் ஓடுகின்றது, ஆகவே டைனமோ நல்லது" என்று சொல்லும் சோதனை அது. டைனமோ காலத்தில் அது ஒருவாறு செல்லுபடியாயிற்று. ஓல்ட்டனேட்டரிலோ, சுமை திடீரென்று விடுபடும்பொழுது வோல்ற்றளவு ஒரு கணம் பல மடங்கு எகிறும். அந்தக் கணமே கணினிப் பெட்டிக்குக் கூற்றுவன்.

இரவல் பற்றரியால் உயிர்ப்பிக்கும் முறையும் பலருக்குத் தெரிவதில்லை. நேர்முனையோடு நேர்முனை, நல்ல பற்றரியின் மறைமுனையிலிருந்து வரும் வயரை மட்டும் நோயாளிப் பற்றரியில் மாட்டாது, அந்த வண்டியின் எஞ்சின் இரும்பில், பற்றரிக்கு எட்ட மாட்டுக. கடைசி முனையை மாட்டும்பொழுது பொறி பறக்கும். பற்றரியிலிருந்து எழும் ஐதரசன், காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றவல்லது. தீக்குச்சி கிழித்துப் பற்றரி நீரைப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? 24 வோல்ற்று லொறியிலிருந்து 12 வோல்ற்றுக் காருக்கு இரவல் வாங்குவதும் ஆகாது.

கலப்புக் கார்களான பிரியஸ், அக்குவா முதலியவை வைத்திருப்போர், "எமது காரில் பெரிய பற்றரி இருக்கும்பொழுது ஏன் நின்றுவிட்டது?" என வியக்கின்றனர். அப்பெரிய பற்றரியைச் சுற்றோடு இணைக்கும் கட்டளையைப் பிறப்பிக்கும் கணினிகள் விழித்தெழுவது சிறிய 12 வோல்ற்றுப் பற்றரியினாலேயே. சிறியது ஓய்ந்தால் பெரியது இருந்தும் பயனில்லை. ஆகவே இவற்றிலும் முதலிற் பார்க்கவேண்டியது அச்சிறிய பற்றரியையும், அதன் முனைகளையும், அதன் ஏர்த்தையுமே. அக்குவாவின் பெரிய பற்றரி 144 வோல்ற்று. பிரியசின் பல வகைகளில் 200 ஐத் தாண்டும். அதற்குரிய வடங்கள் செம்மஞ்சள் நிற உறை பூண்டிருக்கும். அவ்வுறையைக் கண்டால் ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டு, அத்தொழில் பயின்றவரை அழைப்பிக்குக.